சூடு வந்தால் நிறுத்துங்கள்

கரப்பான் என்னும் தோல்நோயை அடக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. தோலில் வெடித்து நீர் வடிவதெல்லாம் உடம்பு வெளியே தள்ளும் கழிவு. களிம்பு தடவி அதன் வழியை அடைத்தால் அது உள்ளே திரும்பிப் போய் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும், மூச்சிழுப்பாக மாறும், ஆளைக் கொண்டுபோய்விடும். வடசென்னையில் இப்படி நம்பிய குடும்பம் அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் இருந்த அந்த வீட்டில் இந்த நம்பிக்கைக்கு ஒரு பிள்ளையின் முகம் இருந்தது.

வீட்டின் மூத்தவர் நாகம்மா. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். அவருடைய ஒரே மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது கரப்பான் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினார். தோல் பளிச்சென்று ஆயிற்று. அடுத்த மழைக்காலத்தில் பிள்ளைக்கு இழுப்பு கண்டது. பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது வருமுன் போய்விட்டான். அதன் பிறகு அவர் அந்த வீட்டுக்குள் களிம்பை விட்டதில்லை.

நாகம்மாவின் தம்பி ஏழுமலை. ஏழுமலையின் மனைவி மலர். அவர்களுடைய மகள் ஹரிணிக்கும் கரப்பான் என்று தெரிந்தபோது நாகம்மா தேங்காயெண்ணெயை மட்டும் அனுமதித்தார். குழந்தைக்கு நான்கு வயதானபோது, காது குத்துவதற்கு இடம் விசாரிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மலர் அவளை ராயபுரத்தில் நான் பணியாற்றிய மருத்துவமனைக்குத் தூக்கி வந்தாள். காதுமடலுக்குப் பின்னால் தோல் வெடித்துக் கிடந்தது. அந்தக் காதைக் குத்த யாரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வு பெற்ற பிறகு தோல் பிரிவில் சேர்ந்த இளம் செவிலி ஒருத்தி சென்ற மாதம் பேசினாள். கொரியாவிலிருந்து வரவழைத்த மூலிகைச் சாறு என்று நோயாளிகள் சிறு உறைகளை எடுத்துக் காட்டுகிறார்களாம். எக்ஸிமாவுக்கு நல்லது என்று கைப்பேசியில் பார்த்தார்களாம். என்ன சொல்வது, திட்டுவதா, பேசாமல் இருப்பதா என்று கேட்டாள். கொரிய நாடகங்கள் தமிழ் பேசிக்கொண்டு எல்லா வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. கொரியாவின் முகப்பூச்சு ராயபுரம் கடைகளில் தொங்குகிறது. மருந்தும் வரத்தானே செய்யும். என் பணிக்காலத்தில் அது ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. அந்த ஒன்றை முழுதாகச் சொல்வதே அவளுக்கு நான் தரக்கூடிய பதில்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. என் தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ராயபுரத்தில் அரிசிக்கடை வைத்தவர். மகள் செவிலியாவதில் அவருக்கு விருப்பமில்லை, ஆனால் தடுக்கவில்லை. விடுதியில் என்னுடன் இருந்தவர்கள் எல்லாரும் பிரசவப் பிரிவுக்கும் அறுவை அரங்கத்துக்கும் போட்டியிட்டார்கள். தோல் பிரிவுக்கு ஆள் கிடைக்கவில்லை. அங்கே வருபவர்கள் சாவதுமில்லை, குணமாவதுமில்லை என்று சொல்லிச் சிரிப்போம். எனக்குப் படிக்க நேரம் கிடைக்கும் என்று நினைத்து அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். நேரம் கிடைக்கவில்லை. பிறகு வேறிடம் கேட்கத் தோன்றவுமில்லை.

அதற்குக் காரணம் டாக்டர் தேவசகாயம். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அவருக்குக் கீழேதான் கழிந்தது. நோயாளி பேசும்போது பேனாவை மூடி வைத்துவிடுவார். "அவ்வளவுதான் டாக்டர்" என்று அவர்கள் வாயால் சொல்லும் வரை அதைத் திறக்க மாட்டார். குழந்தை என்றால் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் குந்திக்கொள்வார். புறங்கையால்தான் தோலைத் தொடுவார். உள்ளங்கை முரடு, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார். நோயாளி வேறு எங்கே போனார், எதைத் தின்றார், யார் தாயத்துக் கட்டினார் என்று கேட்டுக்கொள்வார், ஆனால் "ஏன் செய்தீர்கள்" என்று மட்டும் ஒருபோதும் கேட்க மாட்டார். "எப்படிச் செய்தீர்கள், காட்டுங்கள்" என்பார். களிம்பு போடுவதாகச் சொன்னவர்களைத் தம் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்வார். பாதிப்பேர் பட்டாணியளவு எடுத்துக் கால் முழுக்கத் தேய்ப்பார்கள். சிலர் சோப்பு நுரையின் மேலேயே தடவுவார்கள். சொல்லிக் கேட்டிருந்தால் இரண்டும் தெரிந்திருக்காது.

எங்களிடம் அவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சாதாரணமாக "சிஸ்டர், வாங்க, பாருங்க" என்று பேசுபவர், கோபம் வந்தால் இலக்கணத்துக்கு மாறிவிடுவார். "தாங்கள் இதைக் கவனித்திருக்கலாம்" என்று ஒரு முறை கேட்டவர்கள் அந்தத் தவறை மறுபடி செய்ததில்லை. அந்தத் "தாங்கள்" எங்கள் பிரிவில் ஒரு நோயின் பெயர் போலப் புழங்கியது. இன்னிக்கு யாருக்குத் தாங்கள் வந்தது என்று சாப்பாட்டு நேரத்தில் விசாரித்துக்கொள்வோம்.

எக்ஸிமா என்னும் கரப்பானுக்கு அங்கே நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்ட வேண்டும், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும், உடம்பில் ஈரம் மிச்சமிருக்கும்போதே வழவழப்பு தரும் எண்ணெய்ப்பசையைப் பூச வேண்டும். களிம்பைச் சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் கணு வரை ஒரு கோடாகப் பிதுக்கிக்கொண்டால் அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். அரிப்பு கடுமையாக இருக்கும் குழந்தைகளுக்கு ஈரக்கட்டு போடுவோம். பழைய பருத்திச் சட்டையை நனைத்துப் பிழிந்து, களிம்பு பூசிய உடம்பில் மாட்டி, அதன் மேல் உலர்ந்த சட்டை ஒன்றைப் போடுவது. சீழ் இருக்கும் தோலில் மட்டும் அதைச் செய்யக் கூடாது. இதையெல்லாம் செய்தாலும் உப்புத் தண்ணீரிலும், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் சாம்பல் காற்றிலும் அது திரும்பத் திரும்பக் கிளம்பும். திரும்பி வரும் என்பதைத் தாய்மார்களிடம் முதல் நாளே சொல்லிவிடச் சொல்வார் டாக்டர்.

மலர் அதைக் கேட்டு அழவில்லை. எடுத்துப்போன களிம்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துப் பூசினாள். நாகம்மா மீனுக்குப் போகும் நேரம் பார்த்துக் குளிப்பாட்டினாள். ஹரிணியின் தோல் ஓரளவு படிந்தது. அந்த நிலையில்தான் கொரியா வந்தது.

ஏழுமலை கடலுக்குப் போகாதவர். எண்ணூர்த் துறைமுகத்தில் கார் ஏற்றுமதியைக் கண்காணித்த கொரிய அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டினார். ஆயுத பூசையன்று காருக்குப் பொட்டு வைக்க மனைவியையும் மகளையும் அழைத்துப் போயிருக்கிறார். அதிகாரியின் மனைவி ஹரிணி சொறிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறார். உடனே தம் மகனை அழைத்து, அவன் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை மடிப்பைக் காட்டினாராம். அங்கே பழைய கரப்பானின் நிறம் மட்டும் மங்கலாக இருந்ததாம். அந்தப் பையனுக்கு அவர்கள் ஊரின் பாரம்பரிய வைத்தியர் கொடுத்த கஷாயத்தில் குணமானதாக அவர் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஏழுமலைக்குத் தெரிந்த ஆங்கிலம் இடது வலதுக்குத்தான் போதும். இருவருக்கும் நடுவில் அவருடைய கைப்பேசி பேசியது. அவர் கொரிய மொழியில் சொல்வார். போன் ஒரு பெண்குரலில் செந்தமிழில் சொல்லும்.

குடும்பம் அவரைக் கொரியாம்மா என்று அழைத்தது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

கொரியாம்மா தம் ஊர் வைத்தியரைத் திரையில் வரவழைத்தார். ஹரிணி நாக்கை நீட்டிக் காட்டினாள். வைத்தியர் அவளுக்கென்று கஷாயம் காய்ச்சி உறைகளில் அடைத்து, விமானத்தில் வந்த உறவினர் மூலம் அனுப்பினார். ஏழுமலை அதில் ஒன்றை எங்களிடம் கொண்டுவந்தார். அதற்கு முன் மலர் அவரிடம் களிம்பு விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தாள். உள்ளங்கையளவு உறை. உள்ளே அடர்ந்த பழுப்புச் சாறு. ஓரத்தை வெட்டியதும் அறை முழுக்க வேர் வாசனை பரவியது. என்னென்ன சேர்ந்தது என்று டாக்டர் கேட்டார். ஏழுமலை ஒப்பித்த பெயர்களில் எனக்குப் புரிந்தது அதிமதுரம் மட்டுமே. மற்றவை அவர்கள் நாட்டு வேர்கள்.

டாக்டர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "எனக்குத் தெரியாத மருந்து. கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன், நல்லதுன்னும் சொல்ல மாட்டேன். கொடுக்கிறதுன்னா எனக்குத் தெரியக் கொடுங்க, மறைச்சுக் கொடுக்காதீங்க" என்றார். சில மூலிகைச் சேர்க்கைகளில் சிலருக்கு அரிப்பு குறைந்ததும் உண்டு, சிலருக்கு ஈரல் கெட்டதும் உண்டு என்று விளக்கினார். அவ்வப்போது இரத்தம் சோதிக்க வேண்டும், களிம்பை நிறுத்தக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தார்.

முதல் நிபந்தனையைச் சில தடவை காப்பாற்றினார்கள். சோதனையில் குறையொன்றும் தெரியவில்லை. குழந்தை நன்றாகத் தூங்குகிறாள் என்று மலர் சொன்னாள். அது கஷாயத்தால் இருக்கலாம். வெயில் தணிந்ததாலும் இருக்கலாம், கொரியாம்மா கொடுத்த நல்ல எண்ணெய்ப்பசையாலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தூங்கினாள் என்பது உண்மை.

இரண்டாவது நிபந்தனையை உடைத்தவர் நாகம்மா. அவர் கொரிய மருந்தை எதிர்க்கவில்லை, கொண்டாடினார். காரணம் ஒரு சொல். கஷாயம் வேலை செய்யத் தொடங்கும்போது நோய் முதலில் கூடிப் பிறகு குறையும் என்பது அந்த வைத்தியத்தில் ஒரு கொள்கை. அதற்கு அவர்கள் மொழியில் மியோங்யோன் என்று பெயர். உள்ளே இருப்பது வெளியேறுவதன் அடையாளம் என்று போன் விளக்கியதாம். அதைக் கேட்ட நாகம்மா தம்பியைப் பார்த்து, "பாத்தியாடா? கடலுக்கு அந்தாண்டையும் இதே பேச்சுதான். நான் சொன்னா கேணச்சி" என்றாராம். ஒளித்து வைத்த களிம்பும் அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார். ஒரு மருந்து வெளியே தள்ளுகிறது, ஒரு மருந்து உள்ளே அடக்குகிறது, இரண்டையும் ஒரே உடம்பில் எப்படிச் செலுத்துவது? அரிசிப் பானையிலிருந்த களிம்பை மலரே எடுத்துக் கொடுத்துவிட்டாள். எங்களிடம் வருவதும் நின்றது.

மழைக்காலத்தில் ஒரு காலை, வரிசையின் கடைசியில் மலர் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. அவள் முறை வந்ததும் டாக்டரிடம் போகாமல் என்னிடம் வந்தாள்.

"சிஸ்டர், கொயந்த சொறியறத நிறுத்திட்ச்சி. நல்லதுதான அது? வூட்ல எல்லாம் சந்தோசமா கீறாங்கோ. எனக்கு மட்டும் இன்னாவோ மாதிரி கீது."

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முகத்திலும் கழுத்திலும் புதிதாகக் கிளம்பியிருக்கிறது என்றாள். மியாங்கன் வந்துவிட்டது என்று நாகம்மா அண்ணி சொல்கிறார் என்றாள். அந்தக் கொரியச் சொல் அவர்கள் வாயில் அப்படி ஆகியிருந்தது. சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். இல்லை. விளையாடுகிறாளா? இல்லை. தொட்டால்? தொட விடுவதில்லை, வலிக்கிறது என்கிறாள்.

கரப்பான் அரிக்கும், வலிக்காது. அரித்துக்கொண்டிருந்த தோல் திடீரென்று வலிக்கத் தொடங்கினால், சொறிந்துகொண்டிருந்த குழந்தை கையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டால், அங்கே வேறொன்று குடியேறிவிட்டது என்று பொருள். இதை டாக்டர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார். உள்ளே போய் அவரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"சிஸ்டர், தாங்கள் அந்தக் குழந்தையை உடனே இங்கே கொண்டுவர இயலுமா?" என்றார்.

அவருக்குக் கோபமில்லை என்று எனக்குத் தெரிந்தது. பயந்தாலும் அவர் இலக்கணத்துக்கு மாறுவார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மலருடன் ஆட்டோவில் போனேன். குப்பத்துத் தெருவில் மழைத்தண்ணீர் நின்றது. கடலுக்குப் போகாத படகுகளை வீட்டு வாசல் வரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஹரிணி பாயில் மல்லாந்து கிடந்தாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் அசையாமல் இருந்தன. கன்னத்திலும் நெற்றியிலும் கழுத்திலும் ஒரே அளவில், அச்சில் வார்த்தது போலச் சிறுசிறு வட்டப் புண்கள். குண்டூசித் தலையால் அழுத்தி எடுத்த குழி போல நடு அமிழ்ந்திருந்தது. இடது கண்ணுக்கு மிக அருகில் ஒரு கொத்து. புறங்கையால் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

இது கரப்பான் இல்லை, தோல் திறந்து கிடந்த வழியாக ஒரு வைரஸ் நுழைந்திருக்கிறது, கண்ணுக்கும் மூளைக்கும் போகக்கூடியது, இப்போதே தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும் என்றேன். நாகம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். என்னிடம் குரலை உயர்த்தவில்லை.

"சிஸ்டரம்மா, நீ நல்லவ, தெரியும். ஆனா வெளிய வர்றத உள்ள தள்ளி ஒர்த்தன வாரி குட்த்துட்டேன். அந்தப் பாவம் ஒன்னு போதும் எனக்கு. இவ கீறா. அந்த மருந்து தள்ளிகினு கீது. தள்ளி முடிக்கட்டும்."

அவரை இழுத்துத் தள்ளிவிட்டுப் போக எனக்கு வலுவும் இல்லை, உரிமையும் இல்லை. ஏழுமலை அன்று வேலைக்குப் போகவில்லை, அடுப்படியில் நின்றிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், டாக்டர் வழக்கமாகக் கேட்பதை நான் கேட்டேன். மருந்தை எப்படிக் கொடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்.

ஏழுமலை பெருமையாகவே செய்து காட்டினார். பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். உறையை அதில் மிதக்கவிட்டார். அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீருக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றார். கதகதப்பு ஏறியதும் அடுப்பை அணைத்தார்.

"சூடு வந்தவொடனே நிறுத்திடணும் சிஸ்டர். வைத்தியரு கண்டிசனா சொல்லிகீறாரு. ஒரு வாட்டி கூட கொதிக்க உட்டதில்ல."

என்ன சொன்னார், அதே சொற்களில் சொல்லுங்கள் என்றேன். போனின் பெண்குரலை அப்படியே பாவித்து அவர் சொன்னார்: "சூடு வந்தால் உடனே நிறுத்துங்கள்."

எதை நிறுத்தச் சொன்னார் என்று கேட்டேன். அடுப்பைத்தான் என்றார் ஏழுமலை. அடுப்பு என்று போன் சொன்னதா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அப்படிச் சொல்லவில்லை என்றார். அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு என்று கேட்டேன். மியாங்கனைப் பற்றிய பேச்சு என்றார். கொரியாம்மாவை இப்போது திரையில் கூப்பிடுங்கள் என்றேன்.

வீடியோவில் கொரியாம்மா சிரித்துக்கொண்டே வந்தார். ஏழுமலை பேச்சில்லாமல் போனை ஹரிணி பக்கம் திருப்பினார். அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வேகமாக எதையோ கேட்டார். யொல், யொல் என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. எங்களுக்குப் புரியவில்லை என்று அவருக்குப் புரிந்தது. தம் உள்ளங்கையை நெற்றியில் வைத்தார். சுட்டது போல வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார், எடுத்தார். பிறகு இரண்டு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காகப் பெருக்கல் குறி போலப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கூடாது என்பதற்கு அவர்கள் ஊரில் அதுதான் சைகை. குறுக்கிட்ட கைகளை இறக்கவே இல்லை.

"இன்னாடா சொல்லுது அந்தம்மா?" என்று கேட்டார் நாகம்மா.

ஏழுமலை அணைந்திருந்த அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "காய்ச்சல சொல்லிகீதுக்கா. காய்ச்சல் வந்தா மருந்த நிறுத்துன்னு சொல்லிகீது. நான் அடுப்ப நிறுத்திகினு இருந்தேன்."

அவர்கள் மொழியில் காய்ச்சலுக்கும் சூட்டுக்கும் ஒரே சொல் என்று பின்னால் அறிந்துகொண்டேன். போன் பொய் சொல்லவில்லை. பிள்ளைக்கு உடம்பு சூடாக இருக்கிறது என்று நாமும்தானே சொல்கிறோம்? ஆனால் அடுப்பங்கரையில் நின்று மருந்து சூடேற்றும் மனிதருக்குச் சூடு என்றால் அடுப்புத்தான்.

நாகம்மா திரையிலிருந்த பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் கைகளைக் குறுக்கே பிடித்திருந்தார். "மருந்து குட்த்த அதுவே வேணாங்குதா?" என்றார். யாருடைய பதிலுக்கும் காத்திராமல் பாயருகே குனிந்து, குழந்தையின் புண்கள் படாமல் ஒரு பழைய வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறினார்.

டாக்டர் தேவசகாயம் வாசலிலேயே நின்றிருந்தார். தரையில் குந்தி, கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். கண் மருத்துவருக்கு ஆள் அனுப்பினார். நரம்பு வழியாக வைரஸுக்கான மருந்து ஏறத் தொடங்கியது. குழந்தையின் கை முழுக்கக் கரப்பான் புண்ணாக இருந்ததால் ஊசிக்கு இடம் கிடைக்கவில்லை. கணுக்காலில் ஒரு நரம்பைக் கண்டுபிடித்தேன். அந்த நாள் முழுவதும் டாக்டர் என்னிடம் பேசியதெல்லாம் "தாங்கள்" என்றுதான். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. விழியில் புண் இறங்கியிருக்குமோ என்று கண் மருத்துவர் ஒவ்வொரு முறை விளக்கைப் பிடித்துப் பார்க்கும்போதும் மலர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாங்கள் புண்களை உப்புநீரில் ஒற்றினோம், வாயில் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விட்டோம். செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

ஒரு காலை நான் பணிக்கு வந்தபோது மலர் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "சிஸ்டர், சொறியறா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஹரிணி கண்ணை மூடியபடியே வலது காலால் இடது காலை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கட்டில் அருகே குந்திக்கொண்டு அந்தக் குழந்தை சொறிந்துகொள்வதைச் சிறிது நேரம் பார்த்தார். "வாங்க சிஸ்டர், பாருங்க" என்றார். கண்ணுக்குக் கெடுதல் இல்லை என்று அன்று மாலை கண் மருத்துவர் உறுதி சொன்னார்.

கொரியாம்மா பார்க்க வந்தார். கட்டிலருகே வந்ததும் நாகம்மாவுக்கு முன்னால் இடுப்பு வரை வளைந்து நின்றார், நிமிரவில்லை. நாகம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். "இது இன்னாத்துக்குக் குனியுது? அது சரியாத்தான் சொல்லிச்சி. நம்ம காதுதான் அடுப்பாண்ட பூட்ச்சி" என்றார். ஏழுமலை இதைப் போனிடம் சொன்னார். போன் எப்படி மொழிபெயர்த்ததோ, கொரியாம்மா அழுதுகொண்டே சிரித்தார். மீந்திருந்த உறைகளைத் தாமே திரும்ப எடுத்துக்கொண்டார். அவருடைய மகனுக்கு அந்த வைத்தியம் உதவியது என்று அவர் சொன்னதை டாக்டர் மறுக்கவில்லை. ஹரிணிக்கு இனி வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் களிம்பை எழுதினார். மலர் நாகம்மாவைப் பார்த்தாள். நாகம்மா டாக்டரைப் பார்த்தார். அப்போது அவர் கேட்டதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடத் தோன்றுகிறது.

"டாக்டரய்யா, நான் களிம்பு தடவித்தான என் புள்ள பூட்டான்?"

டாக்டர் பேனாவை மூடினார். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது கரப்பான் வந்தது, எப்போது மூக்கொழுகத் தொடங்கியது, எந்த மாதத்தில் இழுப்பு, குடும்பத்தில் வேறு யாருக்கு. நாகம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எதையும் அவர் மறந்திருக்கவில்லை. அவ்வளவுதான் என்று அவர் சொன்ன பிறகு டாக்டர் பேசினார்.

"கரப்பானும் இழுப்பும் கூடப் பிறந்ததுங்கம்மா. மூத்தது தோலில் வரும், இளையது நெஞ்சில் வரும். மூத்ததை நீங்க அடக்கினதால இளையது பிறக்கலை. நீங்க களிம்பைத் தொடாமலே இருந்திருந்தாலும் அது வந்திருக்கும். நீங்க பிள்ளைக்குச் சுகம்தான் கொடுத்தீங்க."

நாகம்மா அதை முழுதும் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் சுமந்ததை ஒரு பேச்சில் யாரும் இறக்கி வைத்துவிடுவதில்லை. பிறகு சுட்டுவிரலை என்னிடம் நீட்டினார். "எம்மாந்தூரம் வைக்கணும், வை" என்றார். நுனியிலிருந்து முதல் கணு வரை களிம்பைக் கோடாகப் பிதுக்கினேன். மீன் செதில் கீறிக் கீறிக் காய்த்துப்போன விரல் அது. அவர் ஹரிணியின் முழங்கால் மடிப்பில் அதைப் பூசினார். அழுத்தாமல், மெதுவாக, ஓரம் வரைக்கும்.

தொலைபேசியில் கேட்ட அந்த இளம் செவிலிக்கு: உறையைக் காட்டுபவர்களைத் திட்டாதே. தடுக்க முடியாதபோது அவர்கள் உன்னிடம் காட்டுவதாவது நிற்காமல் பார்த்துக்கொள். அந்த மருந்து உனக்குத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல். எது வந்தால் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள் என்று கேள், அவர்கள் வாயால் சொல்ல வை, கையால் செய்து காட்டச் சொல். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே சொல், நெற்றியில் கை வைத்துச் சொல். சொறிந்துகொண்டிருந்த குழந்தை சும்மா கிடந்தால் எழுந்து போய்ப் பார்.

டாக்டர் தேவசகாயம் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் காலமானார். கொரியாம்மாவின் குடும்பம் பணி முடிந்து தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டது. நாகம்மா சென்ற ஆண்டு, மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஏழுமலை இப்போது வேறொருவருக்குக் கார் ஓட்டுகிறார். மலர் எப்போதாவது பேசுகிறாள். ஹரிணி இருக்கிறாள், உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். மழைக்காலத்தில் அவளுடைய முழங்கை மடிப்பில் கரப்பானும் இருக்கிறது.